நிறம் போன நத்தைகள்

1
கடலட்டை என்றால் எங்கள் புதூர்ப் பக்கம் பத்திரிகையில் வரும் பறிமுதல் செய்திதான் நினைவுக்கு வரும். 2001 முதல் பிடிக்கத் தடை. அது அட்டையும் இல்லை, நத்தையும் இல்லை. நட்சத்திர மீனுக்குப் பங்காளி. நான் தேடுவது ஓடு இல்லாத கடல் நத்தையை. பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘சீ ஸ்லக்’ என்றே பெயர். ஏற்றுமதிக் கணக்கில் அந்தச் சொல் வந்தால் கடலட்டை. மியூசியப் பதிவேட்டில் வந்தால் அநேகமாக நத்தை.

2
வேம்பார்க் கரையில் பொறுக்கிய சோழி நூறு வருஷம் கழித்தும் சோழிதான். ஓடில்லாத நத்தைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஸ்பிரிட்டில் போட்டதும் உடம்பு சுருங்கும். மஞ்சள், நீலம், சிவப்புப் புள்ளி எல்லாம் கழன்று, ஊறவைத்த மொச்சையின் தோல் மாதிரி ஏதோ ஒன்று மிஞ்சும். எங்கே, எப்போது, எத்தனை பாகம் ஆழத்தில், உயிரோடு என்ன நிறத்தில் இருந்தது என்பதெல்லாம் கூடவே போட்ட சீட்டில்தான் இருக்கவேண்டும்.

3
இதைப் புரிந்துகொண்டவர் வால்டர் எலியட். அமராவதிச் சிற்பங்களைத் தோண்டியெடுத்த அதே சென்னை மாகாண அதிகாரி. 1845 முதல் 1854 வரை வட சர்க்கார் கமிஷனர். வால்டேர் கடற்கரையில் நத்தைகளைச் சேகரித்தார், படமும் வரையவைத்தார். ஆல்டர், ஹான்காக் என்ற இரு ஆங்கிலேயர்கள் அவற்றை ஆராய்ந்து 1864-இல் லண்டனில் வெளியிட்டார்கள்.

4
அதில் ஒன்றின் பெயர் ‘கலிங்கா ஆர்னேட்டா’. பின்சொல்லுக்கு அலங்கரித்தது என்று பொருள். கலிங்கா என்று வாசித்ததும் கண்மாய்க் கலிங்கு ஞாபகம் வந்துவிட்டது. கரிசல்காட்டுக்காரன் புத்தி வேறெங்கே போகும்! 1936-இல் வீரபத்ர ராவ் இந்த ஒரே நத்தையின் உடலமைப்பைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார்.

5
தெற்கே கெலார்ட். 1819-இல் இலங்கையில் பிறந்த ராணுவ மருத்துவர். அரசுக்காக முத்துச்சிப்பி ஆராய்ந்தவர், திருகோணமலையில் நத்தைகளைப் படமாக்கினார். 1860-இல் இங்கிலாந்து போகும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். 1906-இல் அந்தப் படங்களையும், நியூகாசில் நகர ஹான்காக் மியூசியத்தில் இருந்த சேகரிப்பையும் ஒப்பிட்டு, தென்னிந்திய, இலங்கை நத்தைகளைப் பற்றி ஒருவர் எழுதினார். அவர் பெயர் சார்லஸ் எலியட்; முன்பு கிழக்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் கமிஷனர். ஆங்கில எழுத்துக்கூட்டில் இரு எலியட்டும் வேறு. தமிழில் எழுதினால் ஒருவரே போல ஆகிவிடுகிறார்கள். பதிவு எழுதுபவன் பயப்படவேண்டிய இடம் இது.

6
இன்று பல மியூசியங்கள் பழைய சீட்டுகளைக் கணினியில் ஏற்றுகின்றன. ஒவ்வொரு நத்தையும் வரைபடத்தில் ஒரு புள்ளி. சீட்டில் ‘மெட்ராஸ்’ என்று மட்டும் இருந்தால் புள்ளியை எங்கே வைப்பது? பட்டணமா, மாகாணமா? மாகாணம் என்றால் வால்டேரும் அதற்குள்தான், வேம்பாரும் அதற்குள்தான்.

7
கிராமக் கணக்கில் அடங்கல் என்று ஒன்று உண்டு. சர்வே எண், பரப்பு, இந்தப் பருவத்தில் கம்பா உளுந்தா என்று வரிசையாக எழுதியிருக்கும். மழை பொய்த்து, கரிசல் வெடித்து, பயிர் தடமில்லாமல் போன பிறகும் அங்கே உளுந்து நின்றது என்று அந்த ஏடு சொல்லும். ஸ்பிரிட் புட்டியில் கிடக்கும் நத்தைக்கும் அதுதான் வேண்டும்.