கொசுறு

ஐப்பசிச் சனிக்கிழமைகளில் ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் திருத்தங்கலிலிருந்து சிவகாசி உழவர் சந்தைக்குச் செல்வது என் வழக்கம். மழை ஈரத்தோடு பறித்த வெண்டை, கொத்தவரை, கூடை கூடையாகச் சீத்தாப்பழம். அல்ஹம்துலில்லாஹ், பார்க்கவே மனம் நிறையும். 1999இல் மதுரையில் தொடங்கிய இத்திட்டத்தில் இடைத்தரகர் இல்லை. அன்றைய விலை பலகையில் இருக்கும். பேரத்திற்கு இடமில்லாததால் நான் கொசுறு கேட்பேன். கறிவேப்பிலை, நாலு பச்சை மிளகாய்.

சென்ற வாரம் உடன் வந்த மகன் கேட்டான்: "அத்தா, நிறுத்து முடிச்ச பிறகு எடுக்கிறோமே, அதுக்குக் காசு?"

முந்தைய நாள்தான் மதரஸாவில் 83ஆம் அத்தியாயமான அல்முதஃப்ஃபிஃபீனை நடத்தியிருந்தேன். நிறைவாக அளந்து வாங்கி, குறைத்துக் கொடுப்போருக்கான எச்சரிக்கை அது. வியாபாரிகளுக்கு உரியதென்றே விளக்கியிருந்தேன்! நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆடை வாங்கியபோது, விலையை நிறுப்பவரிடம் சற்றுக் கூடுதலாகவே நிறுக்கச் சொன்னார்கள். அங்கே அதிகம் கொடுத்தவர் வாங்கியவர்.

திரும்பிச் சென்று பத்து ரூபாயை நீட்டினேன்.

"கறிவேப்பிலைக்கா பாய்? அது வீட்டு வாசல்ல நிக்கிற மரம்" என்று அந்த அம்மாள் சிரித்தார். காசை வாங்கவில்லை. மகன் கையில் ஒரு சீத்தாப்பழத்தை வைத்தார்.

வாங்கலாமா என்று அவன் என் முகத்தைப் பார்த்தான்.