உடுத்தியதை மறத்தல்

முட்டம் பாறைகளுக்கிடையே கடலில் குளித்துவிட்டு இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு வீட்டுக்கு நடந்தால், பாதி வழியிலேயே தொடை எரியத் தொடங்கும். காய்ந்த சாரம் அப்படிச் செய்யாது. நனைந்த தோலின் மேலடுக்கு நீரை உறிஞ்சி இளகிவிடுகிறது. துணி அதில் இன்னும் நெருங்கி ஒட்டுவதால் உராய்வு கூடுகிறது. காயக் காய உப்பும் இழைகளில் பரல் பரலாகத் தங்கும். சின்ன வயதில் இந்தக் காரணமெல்லாம் தெரியாது, எரிச்சல் மட்டும் தெரியும்.

எரிந்த இடத்தில் பாட்டிதான் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள், அதுவும் புறங்கையால். மீனும் உப்பும் கயிறும் பழகிய அவள் உள்ளங்கை அவ்வளவு சொரசொரப்பு. நாகர்கோவில் துணிக்கடையிலும் அவள் விரலால் பார்க்க மாட்டாள். துணியைப் புறங்கையின்மேல் மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு, வேண்டும் என்பாள், அல்லது தள்ளிவைப்பாள். மயிருள்ள தோலில் இதமான வருடலுக்கென்றே மெல்லிய நரம்புகள் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போதுதான் அவை நன்றாக விழிக்கின்றன என்று 2009-இல் சுவீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாட்டியின் கை அந்த வேகத்தில்தான் போனது என்று நினைக்கிறேன்.

தாத்தாவின் கை இன்னும் காய்த்தது. பட்டும் சாக்கும் அவருக்கு ஒன்றுதான். ஆனால் தூண்டில் கயிற்றைப் பிடித்திருக்கும்போது, கீழே மீன் கொத்துகிறதா, கயிறு பாறையில் உரசுகிறதா என்று சொல்லிவிடுவார். அதிர்வை அறியும் பாசினியன் உணர்விகள் தோலின் ஆழத்தில் இருக்கின்றன. மேல்தோல் தடித்துப்போனாலும் அதிர்வு அவற்றைப் போய்ச் சேர்கிறது.

தோல் பெரிதும் கவனிப்பது மாற்றத்தை. காலையில் போட்ட சட்டை கொஞ்ச நேரத்தில் நினைவிலிருந்தே போய்விடும். ஒரே மாதிரி படிந்து கிடக்கும் துணிக்குப் பல உணர்விகள் பதில் சொல்வதை நிறுத்திக்கொள்கின்றன, மூளையும் அதை ஒதுக்கிவிடுகிறது. துணி உரசினால், நனைந்தால், முரடாக இருந்தால் மட்டும் மறுபடி உறைக்கும்.

முரட்டுத் துணி என்றதும் எனக்குத் தோள்சீலைப் போராட்டம் நினைவுக்கு வரும். மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் தென் திருவிதாங்கூரில் பல பத்தாண்டுகள் அடியும் அவமானமும் பட்டார்கள். 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் அரசு இறங்கிவந்தது, ஆனால் பாதிதான். குப்பாயம் என்னும் மேற்சட்டை போட்டுக்கொள்ளலாம். அல்லது மீனவர்களான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியை மேலே கட்டிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. எங்கள் கடற்கரைப் பெண்களின் தோளில் கிடந்த துணியின் முரட்டுத்தனம் இப்படி அரசாணையில் ஏறியது.

அதைப் படித்த பிறகு பாட்டியின் புறங்கை எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. மெல்லிய துணி தேடியதை வீட்டில் ஆடம்பரம் என்றார்கள். ஆடம்பரமே இல்லை. தோல் மறந்துவிடும் துணிதான் நல்ல துணி. உடுத்தியிருப்பதை மறந்து தன் வேலையைப் பார்க்க ஒரு பெண்ணால் முடிய வேண்டும். அந்த மறதியைத்தான் சாதி சிலருக்கு மறுத்தது.

இன்று ஆணை இல்லை, விலை இருக்கிறது. பாலியெஸ்டர் இழை வியர்வையை உறிஞ்சுவதில்லை. ஈரம் தோலிலேயே நிற்கிறது, உராய்வும் கூடுகிறது. உச்சி வெயிலில் பாலியெஸ்டர் சேலையோடு மீன் விற்கும் பெண்களுக்கு, கட்டுப்படியாகிற விலையில் நல்ல பருத்திச் சேலை கிடைக்க வேண்டும். அது அவர்களுக்கு நெடுங்காலமாக வரவேண்டிய பாக்கி.