முதல் முறை ஸ்லீப்பரில் தனியாகப் போறீங்களா? ஓசூரில் ஏறும் முன் இதைப் படிச்சிடுங்க!

தேன்கனிக்கோட்டைக்கு ரயில் கிடையாது. பேட்டராய சுவாமி கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் பஸ்தான், ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் போகிறவர்களுக்கும் பஸ்தான். அதனால், ராத்திரி முழுக்க ரயிலில் படுத்துக்கொண்டே போகும் அனுபவம் இங்கே பல பிள்ளைகளுக்கு காலேஜ் முடித்த பிறகுதான் வாய்க்கிறது. மதுரையில் ஒரு தேர்வு, தூத்துக்குடியில் ஒரு இன்டர்வியூ என்று வந்ததும், "பொம்பளப் புள்ளைய தனியா எப்படி அனுப்புறது?" என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். அந்தப் பேச்சிலேயே நின்றுபோன வேலை வாய்ப்புகளும் உண்டு. மகளும் அம்மாவும் சேர்ந்தே இதைப் படிக்கலாம்.

நமக்குத் தோதான வண்டி, மைசூரு - தூத்துக்குடி எக்ஸ்பிரஸ். பெங்களூரு வழியாக இரவில் ஓசூருக்கு வந்து, தருமபுரி, சேலம், கரூர், திண்டுக்கல் தாண்டி காலையில் மதுரையைத் தொடும். தேன்கனிக்கோட்டையில் இருந்து ஓசூர் சுமார் 25 கிலோமீட்டர். கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே ஓசூர் வந்துவிடுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போதே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஓசூரில் இருந்து இடம் இல்லை, பெங்களூரில் இருந்து இருக்கிறது என்றால் தாராளமாக அதை எடுக்கலாம். ஆனால், ஏறும் இடத்தை ஓசூர் என்று ஒரு நாள் முன்னதாகவே ஐ.ஆர்.சி.டி.சி-யில் மாற்றிவிடணும். இல்லையென்றால் பெங்களூரில் நீங்கள் ஏறவில்லை என்று டி.டி.இ. குறித்துக்கொண்டு, ஆர்.ஏ.சி-யில் காத்திருப்பவருக்கு உங்கள் பெர்த்தைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. நடுராத்திரியில் அவரோடு வாதாடிப் பயனில்லை.

வண்டி ஓசூரில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். உங்கள் பெட்டி தள்ளி நின்றால் பிளாட்பாரத்தில் ஓடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஸ்லீப்பர் பெட்டியில் ஏறி உள்ளேயே நடந்து போய்விடலாம்.

உள்ளே லைட்டை அணைத்திருப்பார்கள். பெர்த்தைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் நம்பரை 8-ஆல் வகுங்கள். மீதி 1 அல்லது 4 என்றால் லோயர், 2, 5 மிடில், 3, 6 அப்பர். 7 வந்தால் சைடு லோயர், மீதியே இல்லை என்றால் சைடு அப்பர். உதாரணத்துக்கு 43 என்றால் மீதி 3, அப்பர்.

தனியாகப் போகும் பெண்களுக்கு என் ஓட்டு அப்பருக்குத்தான். யாரும் வந்து உட்கார மாட்டார்கள், பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடலாம். மிடில் கிடைத்தாலும் தயங்க வேண்டாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதை விரித்துக்கொள்வது உங்கள் உரிமை. கீழே உட்கார்ந்து கதை பேசுபவர்களை எழுப்பத் தயங்கினால் நீங்கள் தூங்க முடியாது.

ஸ்லீப்பரில் போர்வை, தலையணை தர மாட்டார்கள். மார்கழி ராத்திரியில் ஓசூர் காற்று எப்படி என்று நமக்குத் தெரியும். ஆனால், தொப்பூர் மலையில் இறங்கி சேலம் போனதும் குளிர் குறைந்துவிடும். அதனால் கம்பளிக்குப் பதில் பருத்திப் போர்வையும் ஒரு ஸ்வெட்டரும் போதும். சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை மிஞ்ச எதுவும் இல்லை.

இப்போது அம்மாக்களுக்கு. யாராவது தொந்தரவு செய்தால் 139-க்கு போன் செய்து வண்டி எண், பெட்டி, பெர்த் நம்பரைச் சொன்னால் ரயில்வே போலீஸுக்குத் தகவல் போகும். அதே 139 என்ற எண்ணில் 1989-ம் வருட ரயில்வே சட்டத்தில் ஒரு பிரிவும் இருக்கிறது. துணைக்கு ஆண் இல்லாமல் போகும் பெண்ணிடம் டிக்கெட்டே இல்லை என்றாலும், அவரை ராத்திரியில் எந்த ஸ்டேஷனிலும் இறக்கிவிடக் கூடாது என்கிறது அது. மகளிடம் மறக்காமல் சொல்லி வையுங்கள்.

செல்போனை வீட்டிலேயே முழுக்க சார்ஜ் செய்துவிடுங்கள். இரவு 11 மணியில் இருந்து காலை 5 மணி வரை பெட்டியில் சார்ஜிங் பாயின்டுகளை அணைத்து வைப்பது வழக்கம். திண்டுக்கல் வரும் நேரத்துக்கு ஓர் அலாரம் வையுங்கள். அங்கே எழுந்தால் முகம் கழுவி, பையைக் கட்டி, மதுரையில் நிதானமாக இறங்கலாம்.