எழுதாமல் காக்கும் தொழில்

கல்கத்தாவில் எஸ்பிளனேடுக்கு வடக்கே, சித்தரஞ்சன் அவென்யூவை ஒட்டிய சாந்தினிச் சந்தையில், மின்விசிறியும் ஒலிபெருக்கியும் கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளும் அடுத்தடுத்து விற்கும் குறுகிய சந்துகளினூடே, பழுதான ஹார்டு டிஸ்க்குகளிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட சிலர் இருக்கிறார்கள் என்று கேள்வியுற்று, அவர்கள் வேலையை அருகிலிருந்து காணும் ஆவலுடன், துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் அங்கே போய்ச் சேர்ந்தேன். சுழலும் காந்தப் பரப்பில் செய்தியைப் பதித்து வைக்கும் வித்தைக்கும் இந்நகரத்துக்கும் உள்ள உறவு பழையது. மகலநோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1955-இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஹெச்.ஈ.சி. 2எம் என்னும் கணிப்பொறி, தன் நினைவைக் காந்த உருளையிலேயே வைத்திருந்தது.

நான் சென்ற கடையில் அன்று காத்திருந்தவர், காலேஜ் தெரு வட்டாரத்தில் சிறு பத்திரிகை நடத்தும் ஒரு முதியவர். பூஜை மலருக்காக அவர் திரட்டிய பக்கங்கள் யாவும் அடங்கிய டிஸ்க், மின்சாரம் திடீரென்று போய் வந்தபின், தன்னிடம் ஒன்றுமே இல்லையென்று சாதித்தது. உபயோகிக்க வேண்டுமானால் ஃபார்மட் செய்யும்படி விண்டோஸ் கேட்டது. "சம்மதம் என்று அழுத்திவிடவில்லையே, தாதா?" என்று கடைக்காரர் வங்காளிகளுக்குரிய மரியாதையுடன் வினவி, இல்லை என்ற பதில் கிடைத்த பிறகே டிஸ்க்கைக் கையில் வாங்கினார்.

வாங்கியதும் மின்னிணைப்புக் கொடுத்துக் காதருகே வைத்துக் கேட்டார். உள்ளே முள் தட்டுத் தடுமாறி 'டக் டக்' என்று அடித்துக்கொண்டால் எந்த மென்பொருளாலும் பயனில்லை. அத்தகைய டிஸ்க்கை உடனே நிறுத்தி, தூசி புகாத அறையில் திறந்து பார்க்கும் வசதியுள்ளவர்களிடம் அனுப்பிவிடுவாராம். இதில் அந்த ஓசை இல்லை. தம் கம்ப்யூட்டரில் ஒரு பென் டிரைவைச் சொருகி, எஃப்12 விசையை அழுத்தி, அதிலிருந்தே ஒரு லினக்ஸை எழுப்பினார். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, நாம் கேளாமலேயே எதையாவது டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கிறது. அழிந்த கோப்பு கிடக்கும் இடத்தை அது காலியிடமாகவே கருதுவதால், வீட்டார் உள்ளே புழங்கிக்கொண்டிருக்கையில் திருடனின் அடிச்சுவட்டைத் தேடுவது போன்ற சங்கடம் நேர்கிறது. பென் டிரைவிலுள்ள லினக்ஸோ, தானாக எந்த டிஸ்க்கையும் திறக்காதபடி அமைக்கப்பட்டிருந்தது.

அப்போதும் அவர் பழுது பார்க்கத் தொடங்கவில்லை. அந்தோனியோ தியாஸ் தியாஸ் இயற்றிய டிடிரெஸ்க்யூ என்னும் மென்பொருளைக் கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுக்க ஏவினார். சிரமமின்றிப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு செய்யும் பகுதிகளை விட்டுத் தாண்டி, விட்ட இடங்களை ஒரு குறிப்பேட்டில் பதிந்து, பின்னர் திரும்பி வந்து அவற்றோடு மல்லாடுவது அதன் முறை. இடையில் நின்றுபோனாலும் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். விண்டோஸின் செக் டிஸ்க்கும் லினக்ஸின் எஃப்எஸ்செக்கும் கோப்புக் கணக்கை ஒழுங்குபடுத்துவதையே லட்சியமாகக் கொண்டவை என்றும், கணக்கில் பொருந்தாத துண்டைத் தியாகம் செய்ய அவை தயங்குவதில்லை என்றும், ஆகையால் அசல்மீது அவற்றை ஏவுவது அபாயம் என்றும் அவர் விளக்கினார். பழுது நீக்குவதும் பொருளை மீட்பதும் ஒன்றே என்று எண்ணியிருந்தவர்களுக்கு, இரண்டாவதை முடிக்கும்வரை முதலாவதைத் தொடவே கூடாது என்ற இந்த நியதி வியப்பாகவே இருக்கும்.

மறுநாள் நான் போனபோது பிரதி தயாராகியிருந்தது. பிரான்ஸ் தேசத்துக் கிறிஸ்தோஃப் கிரெனியேர் ஆக்கிய டெஸ்ட்டிஸ்க்கை அதன்மீது செலுத்தினார். என்.டி.எஃப்.எஸ். முறையில், பகுதியின் அமைப்பைச் சொல்லும் முதற்குறிப்பு சிதைந்தால் பகுதி முழுவதும் சூனியமாகத் தோன்றும். நல்லவேளையாக அக்குறிப்பின் நகல் ஒன்று அப்பகுதியின் கோடியில் வைக்கப்பட்டிருக்கும். நகலைக் கொண்டு முதற்குறிப்பைச் சீர்செய்ததும் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக எழுந்தன. அடைவு சிதைந்த சில படங்களை மட்டும், அதே ஆசிரியரின் ஃபோட்டோரெக், ஜேபெக் கோப்புகளின் தொடக்கத்துக்கே உரிய பைட்டுகளை அடையாளங்கண்டு தேடியெடுத்தது. ஆனால் அவற்றின் பெயர்கள் போய் வெறும் எண்களே எஞ்சின. எந்த ஓவியம் எந்தக் கதைக்கு என்று பத்திரிகாசிரியர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. எஸ்.எஸ்.டி.யில் அழித்த கோப்பானால் இந்த யோகமும் பெரும்பாலும் கிட்டாது. அழித்த இடங்களை டிரிம் என்னும் ஏற்பாடு தானே துடைத்துவிடும்.

மீட்டவற்றைப் பழைய டிஸ்க்கிலேயே போட்டுத் தரும்படி ஆசிரியர் கேட்டார். கடைக்காரர் மறுத்து, புதிதாக இரண்டு வாங்கி ஒன்றை வேறு வீட்டில் வைக்கச் சொன்னார். மென்பொருள்கள் யாவும் இலவசம், இராமுழுதும் உழைத்ததும் இயந்திரம், பிறகு கூலி எதற்கு என்று பேரம் தொடங்கியது.

"உங்கள் டிஸ்க்கில் நான் ஒன்றுமே செய்யவில்லை, தாதா, அதற்குத்தான் கூலி" என்றார் கடைக்காரர். ஆசிரியர் சிரித்துவிட்டு, இரண்டு டிஸ்க்குகளின் விலையையும் சேர்த்து எண்ணி வைத்தார்.