இரண்டு காடு

கோயம்புத்தூர்ப் பக்கம் விளைநிலத்தையும் காடு என்றுதான் சொல்வோம். அதனால், எங்கள் அப்பாரு (தாத்தா) நீலகிரியில் உள்ள கேத்தியில் குத்தகைக்குப் பிடித்திருந்த இரண்டு ஏக்கர் சரிவும் காடுதான்; ஓடைக்கு அந்தப் பக்கம் பாசி படிந்த மரங்களோடு இருண்டு கிடந்த சோலையும் காடுதான். எழுபதுகளில் என் கோடை விடுமுறைகள் இந்த இரண்டு காட்டுக்கும் நடுவே கழிந்தன.

சோலைக்குள் போனால் கால் கணுக்கால் வரை மண்ணில் இறங்கும். அள்ளினால் கருப்பட்டி நிறத்தில் மண். பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கசியும். மலைக்குளிரில் இலை மெல்லத்தான் மக்கும். அப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த கறுப்பு அது.

"நம்ம காடும் ஒரு காலத்துல இதே மண்ணுதான் கண்ணு" என்பார் அப்பாரு.

கலெக்டர் சல்லிவன் காலத்தில் நீலகிரிக்கு வந்தது உருளைக்கிழங்கு. அதற்காகச் சரிவு சரிவாகக் கொத்தினார்கள். புரட்டிய மண்ணில் காற்றுப் பட்டு மட்கு வேகமாகக் கரைந்தது. மேலே விழ இலையும் இல்லை. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்று பார்களைச் சரிவு வாக்கிலேயே இழுத்தோம். மழை மண்ணையும் கூட்டிக்கொண்டு இறங்கியது. கிழங்குக்குப் பின் கிழங்கே போட்டதில் நூற்புழு பெருகியது. அது நீலகிரியில் இருப்பதை 1961-லேயே கண்டுபிடித்திருந்தார்கள்.

எங்கள் மூட்டைகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். அதே சாலையில் எருவும் உரமும் லாரியில் ஏறி வரும். தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொண்ட மண்ணுக்கு மலைக்குக் கீழேயிருந்து சாப்பாடு வர வேண்டியதாயிற்று.

1978 நவம்பரில் பெருமழை. மலையெங்கும் மண் சரிந்தது. அடுத்த கோடையில் போனபோது எங்கள் காட்டின் மேல்பாதியில் செம்மஞ்சள் அடிமண் வெளியே தெரிந்தது. ஒரு கை அள்ளினேன், ஈரமில்லாமல் உதிர்ந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், அந்தக் கோடையிலும் சோலை ஊற்று கசிந்துகொண்டிருந்தது.

"நாலு கூடை அங்கிருந்து அள்ளிப் போடலாமே அப்பாரு?" என்றேன்.

வெகுநேரம் சோலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாங்கண்ணு. அள்ள ஆரம்பிச்சா அதுவும் நம்ம காடு மாதிரி ஆயிரும்."