மூடிக் கணக்கு

பூச்சி மருந்து டப்பாவோடு ஒரு தாள் வரும். பல மடிப்பாக மடித்து டப்பாவோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். பிரித்தால் இந்தி, ஆங்கிலம், தெலுங்கு எல்லாம் தாண்டி ஒரு மூலையில் பொடி எழுத்தில் தமிழ் இருக்கும். கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில், எங்கள் வீட்டுத் திண்ணையில், அதை வாசித்துச் சொல்வது சிறுவயதில் என் வேலை. அப்பத்தா கேட்பாள், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்பார்கள். உள்ளே அடுப்புக்கு மேலே பரணில் பூண்டு புகை வாங்கிக்கொண்டிருக்கும். அந்தப் புகைதான் அதை வடுகபட்டிச் சந்தைக்குப் போகும்வரை கெடாமல் காப்பது.

ஹெக்டேருக்கு 1000 மில்லி, 500 லிட்டர் தண்ணீரில் கலக்கவும் என்று தாள் சொல்லும். எங்கள் சரிவில் ஹெக்டேர் எங்கே இருந்தது? படிப்படியாக இறங்கும் தட்டுகள், ஒவ்வொன்றும் சில செண்ட். அவர்களுக்கு வேண்டியது ஒரே விவரம்.

"டேங்குக்கு எத்தனை மூடி, பாப்பா?"

லிட்டருக்கு 2 மில்லி. பத்து லிட்டர் டேங்குக்கு 20 மில்லி. அதை மூடியாக்க வேண்டும். மூடிக்கு மூடி அளவு மாறும் என்பதால் அப்பா ஒவ்வொரு டப்பாவின் மூடியையும் தண்ணீர் ஊற்றி அளந்துதான் எண்ணிக்கை சொல்வார். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை விடமாட்டார். எழுதத் தெரியாத அப்பத்தாவுக்கு வேறொரு பாடம் இருந்தது. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி டப்பாவில் ஒரு சாய்சதுரம் இருக்க வேண்டும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது, பிறகு மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. சிவப்பைக் கண்டால் பிள்ளைகள் இருக்கும் பக்கமே டப்பாவைக் கொண்டுவர விடமாட்டாள். ஒரு சொல்கூட வாசிக்கத் தேவையில்லாமல் அவ்வளவு தெளிவாகப் பேசிய ஆவணத்தை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

சென்னைக்கு வந்து மென்பொருள் கையேடு எழுதும் டெக்னிகல் ரைட்டர் ஆனேன். 2000-களின் தொடக்கம் அது. ஃப்ரேம்மேக்கர் மென்பொருளில் பக்கம் பக்கமாகக் கோத்து அச்சுக்கு அனுப்பினால், கையேடு தடித்த புத்தகமாக மேசைக்கு வரும். அச்சுக்கு முன் மூத்த எழுத்தாளர் அம்மா ஒருவர் சிவப்புப் பேனாவோடு உட்காருவார். வாசிக்கமாட்டார், நான் எழுதிய படிகளைக் கணினியில் ஒவ்வொன்றாகச் செய்துபார்ப்பார். எந்தப் படியில் கை நிற்கிறதோ அங்கே ஒரு கோடு விழும். ஓரமெல்லாம் சிவந்து திரும்பும் அந்தத் தாள்களை இப்போது நினைத்தாலும் நெஞ்சு இளகுகிறது.

பிறகு எல்லாம் வேகமாக நகர்ந்தது. 2005-இல் டிட்டா (DITA) என்ற ஆவண எழுத்து முறை தரநிலை ஆனது. புத்தகம் கலைந்து துண்டுத் தலைப்புகள் ஆயிற்று. அச்சு நின்றது. மார்க்டவுன், கிட் என்று நிரலாளர்களின் கருவிகளையே நாங்களும் கற்றோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அமெரிக்காவில் 1953-இல் தோன்றி, இந்தியாவிலும் கிளை வைத்திருந்த எங்கள் தொழில் சங்கமான எஸ்.டி.சி., 2025 ஜனவரியில் கடன் சுமையால் மூடப்பட்டது. சங்கத்துக்கு மூப்பு வரலாம் என்று தெரியும். ஆனாலும் அந்தச் செய்தியை வாசித்த அன்று ஊர்ப் பெரியவர் ஒருவரை இழந்த துக்கமே எனக்கு.

இன்று என் வேலையில் எழுதுவது குறைவு. செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தருவதைச் சரிபார்க்கிறேன். வாடிக்கையாளர் உதவி அழைப்புகளைக் கேட்கிறேன், ஒவ்வொரு படியையும் செய்து பார்க்கிறேன், வெட்டப்படும் எச்சரிக்கை வரிகளுக்காக வாதாடுகிறேன். கருவி தரும் வாக்கியத்தில் குற்றம் காண்பது கடினம். ஆனால் அது ஹெக்டேரில்தான் பேசுகிறது. வாசிப்பவர் கையில் என்ன மூடி இருக்கிறது என்று அது போய்ப் பார்த்ததில்லை. போய்ப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தொழிலில் இடம் இருக்கிறது என்றே நம்புகிறேன். நானும் அப்படித்தான் தாக்குப்பிடிக்கிறேன்.

2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருள் எந்த மண்ணில், எந்த முறையில் விளைகிறது என்று விவரித்து எழுதினால்தான் அந்தக் குறியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். அதுவும் எங்கள் தொழில்தானே என்று பெருமைப்பட்டேன். சொல்லிக் காட்டத் திண்ணையில் யாரும் இல்லை. அப்பத்தா போய்விட்டாள், அப்பாவும் போய்விட்டார். திண்ணையையும் இடித்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள். கேள்வி கேட்ட அந்தத் தோட்டக்காரர்களில் பலர் இல்லை; இருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் செல்பேசியில் தேடி அளவு சொல்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளே, கருவிகளை அச்சமின்றிக் கற்றுக்கொள்ளுங்கள். அவை இன்னும் பலமுறை மாறும். ஆனால் அடுத்த ஆவணத்தை அனுப்பும் முன் அதைப் பயன்படுத்தப்போகிற ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் வாசித்து, செய்து, திருப்பிச் சொல்லும்வரை எழுந்திருக்காதீர்கள்.