சந்திரமுகி 2: பேய் போயிரும், பேரு போகாது

2023 செப்டம்பர் 28ஆம் தேதி சந்திரமுகி 2 வெளிவந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே நாங்கள் ஏழு பேர் கண்டி டவுனுக்குப் போய்ப் பார்த்தோம். ஹந்தானையிலிருந்து நாலு பேர், கட்டுகஸ்தோட்டையிலிருந்து ரெண்டு பேர், கலஹாவிலிருந்து ஒருத்தர். கலஹாக்காரருக்குக் கடைசி பஸ் போயிருமோ என்ற பயம் இருந்தது. அதைத் தவிர அன்று எங்கள் யாருக்கும் வேறு பயம் வரவில்லை.

வெளியே வந்து மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட பிளேன்டீ குடித்துக்கொண்டே படத்தைக் கிழி கிழியென்று கிழித்தோம். கிராபிக்ஸ் சரியில்லை, வடிவேலு சிரிப்பு வரவைக்கவில்லை, அந்த வருசம்தான் ஒஸ்கார் வாங்கின கீரவாணி இதுக்கு இப்படியா மியூசிக் போடுவார் என்றெல்லாம் பேசினோம். பஸ் வந்தது. அவ்வளவுதான்.

இந்த வருசம் மழை நாளில், போக்கிடம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹந்தானையில் எங்களில் ஒருத்தர் வீட்டில் ரெண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டோம். பகலில் முதல் படம், பொழுது சாய ரெண்டாவது. அக்கம்பக்கத்து ஆட்களும் வந்து உட்கார்ந்தார்கள். யார் யாருக்கு எது பிடித்தது என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதலாம் என்பதுதான் திட்டம். கேட்டோம். ஆனால் கேட்டு முடித்தபோது, எழுத வேண்டிய விசயம் வேறொன்றாக ஆகியிருந்தது.

முதலில் எல்லோரும் சொல்வதைச் சொல்லிவிடுகிறோம்.

ஓட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர். 2005 ஏப்ரல் 14, புதுவருசத்தன்று சந்திரமுகி வந்ததை இன்னமும் தன் கலியாணத் தேதி மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறார். பாபா சறுக்கி மூணு வருசம் கழித்து தலைவர் எழும்பி வந்த படம். "தலைவர் இல்லாம சந்திரமுகி எடுக்கிறது, கோயில்ல சாமிய எடுத்துட்டு தேர மட்டும் இழுக்கிற மாதிரி" என்றார். லோரன்ஸ் நல்லா ஆடுகிறார், அதை ஒத்துக்கொள்கிறாராம். ஆனால் தேர் தேர்தான்.

கட்டுகஸ்தோட்டை நண்பனின் உம்மாவுக்கு ரஜினி பெரிய விசயமில்லை. அவருக்கு ஜோதிகா. "அந்தப் புள்ள கண்ண உருட்டினா வீட்டுல லைட்ட போட்டுட்டுத்தான் தூங்குவோம். இதுல கங்கனா வடிவா இருக்கா, அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் படத்தில் நாம் பயந்தது பேயைப் பார்த்து அல்ல. நேற்றுவரை நம்மோடு சிரித்துப் பேசிய கங்கா, நம் கண் முன்னால் வேறொருத்தியாக மாறுகிறாள். கட்டிலைத் தூக்கும் அந்தக் காட்சிக்கு இருபது வருசம் கழித்தும் அந்த வீட்டில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளின் ஓட்டு மட்டும் ரெண்டாவது படத்துக்கு. காரணம் கேட்டால், "இதுலதான் பேய் நல்லாத் தெரியுது." நேர்மையான விமர்சனம்.

பேய் நல்லாத் தெரிவதுதான் எங்களுக்குப் பிரச்சினையாகப் பட்டது. இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அது விளங்கும். 1993இல் மலையாளத்தில் பாசில் இயக்கிய மணிச்சித்ரதாழ்தான் மூலம். அதைப் பி. வாசு 2004இல் கன்னடத்தில் ஆப்தமித்ராவாக எடுத்தார், அடுத்த வருசம் தமிழில் சந்திரமுகியாக எடுத்தார். 2007இல் ஹிந்தியில் பூல் புலையா வந்தது. நாலிலும் கதையின் முதுகெலும்பு ஒன்றுதான். எல்லோரும் பேய் என்று நினைப்பது பேய் இல்லை, ஒரு பெண்ணின் மனசுக்கு வந்த நோய். அதைக் கண்டுபிடிப்பவர் மந்திரவாதி இல்லை, ஒரு மனநல மருத்துவர். கடைசியில் பூசாரியும் டொக்டரும் சேர்ந்து ஒரு நாடகம் போட்டுத்தான் குணமாக்குகிறார்கள் என்றாலும், நோய் என்ற சொல் படத்தில் உரக்க ஒலிக்கிறது.

அதன் பிறகு வந்த தொடர்ச்சிகளில் அந்தச் சொல் தேய்ந்துகொண்டே போகிறது. 2022இல் வந்த பூல் புலையா 2இல் பேய் நிஜமான பேய். சந்திரமுகி 2இலும் அப்படித்தான். ராதிகாவின் குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடி வருகிறது, வேட்டையபுரம் அரண்மனையில் தங்குகிறது, வீட்டுப் பெண் மேல் சந்திரமுகியின் ஆவி ஏறுகிறது. இந்த முறை டொக்டரின் விளக்கத்தால் தீர்கிற கதை இல்லை. சந்திரமுகி வந்தது பழி வாங்க.

இன்னொன்றையும் கவனித்தோம். மலையாளத்தில் அந்த நாட்டியக்காரி நாகவல்லி தஞ்சாவூர்த் தமிழச்சி. தமிழுக்கு வந்தபோது அவள் தெலுங்கு பேசுகிறாள். ஹிந்தியில் வங்காளி. யார் படம் எடுத்தாலும் பேய் பேசுவது பக்கத்து வீட்டு மொழிதான். "அப்ப கண்டியில எடுத்தா?" என்று ஒருத்தர் கேட்டார். தமிழ்ப் படமென்றால் பேய் சிங்களம் பேசும், சிங்களப் படமென்றால் தமிழ் பேசும் என்று இன்னொருத்தர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஆக, எங்கள் தீர்ப்பு தயாராக இருந்தது. முதல் படம் முற்போக்கு, ரெண்டாவது பிற்போக்கு. நோயைப் பேயென்று நம்பும் ஊரில் பேயை நோயென்று சொன்ன படம் நல்ல படம், அதைத் திருப்பிப் போட்ட படம் கெட்ட படம். இதை எழுதிவிட்டுப் படுக்கலாம் என்று இருந்தோம்.

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்து வெத்திலை போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா பேசினார். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். கவ்வாத்துச்சாமிக்கும் ரோதைமுனிக்கும் பொங்கல் வைத்த காலத்திலிருந்து தோட்டத்தில் இருப்பவர். "எனக்கு ரெண்டாவதுதான் புடிச்சிருக்கு" என்றார். நாங்கள் ஏன் என்று கேட்டோம்.

"அதுல பேய்ன்னு சொல்றாங்க. பேய்ன்னா ஓட்டினா போயிரும். போனதுக்குப் பொறகு புள்ள பழைய புள்ளதான், ஒருத்தரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. மனநோய்ன்னு சொல்லிட்டா? அங்கொடைன்னு பேரு வச்சிருவாங்க. பேய் போயிரும் தம்பி, பேரு போகாது. அந்தக் கங்காவ தோட்டத்துல யாரு கட்டுவா?"

எங்களிடம் பதில் இல்லை. அங்கொடையில் மனநல ஆஸ்பத்திரி இருப்பதால் அந்த ஊரின் பெயரே இந்த நாட்டில் ஒரு வசைச் சொல்லாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நாங்களும் சொல்லியிருக்கிறோம். பெரியம்மா மூடநம்பிக்கையைப் பேசவில்லை. நோய் என்று சொன்ன பிறகு ஊர் என்ன செய்யும் என்பதைப் பேசினார்.

'பேரு' என்று அவர் சொன்னதும் எங்களில் நாலு பேருக்கு ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

ஓ.எல். படிக்கும்போது எங்களோடு டியூசனுக்கு வந்த பெண். ஒருநாள் மெட்ஸ் கிளாஸில் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். கண் ஒரு பக்கமாக மேலே போனது, கை முறுக்கியது, பெஞ்சிலிருந்து விழுந்தாள். யாரோ ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். ரெண்டு நிமிசத்தில் எழும்பினாள், எங்கே இருக்கிறாள் என்றே விளங்காமல் பார்த்தாள். அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "லகலகலகலக." கிளாஸே சிரித்தது. அந்தக் குரல் யாருடையது என்பது எங்களுக்குத் தெரியும். அது எங்களில் ஒருத்தர். மற்ற மூணு பேர் சிரித்தவர்கள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பேர் சந்திரமுகி. கோபப்பட்டால் சந்திரமுகி, பேசாமல் இருந்தால் சந்திரமுகி, தலையை விரித்துப் போட்டு வந்தால் சந்திரமுகி. பரீட்சைக்கு மூணு மாசம் இருக்கும்போது டியூசனுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

எந்தப் படம் பேயை நோயென்று சொன்னது என்று பெருமையாக எழுத இருந்தோமோ, அந்தப் படத்திலிருந்துதான் நாங்கள் அந்தக் கல்லை எடுத்து எறிந்தோம். படம் சொன்ன விளக்கம் எங்கள் காதில் ஏறவே இல்லை. பார்வையாளர்களாக நாங்கள் எடுத்துக்கொண்டது அந்தச் சிரிப்புச் சத்தத்தை மட்டும்தான்.

அவளைத் தேடிப் பிடிக்க ரெண்டு கிழமை ஆனது. இப்போது கம்பளையில் வேலை. முதலில் மன்னிப்புக் கேட்டோம். வொட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்பது கேவலமாகத்தான் இருந்தது, ஆனால் வேறு வழியில் அவளைப் பார்க்க ஏலாமல் இருந்தது. ஒரு நாள் முழுக்கப் பதிலே இல்லை. பிறகு வொயிஸ் மெசேஜ் வந்தது. எழுதலாமா என்று கேட்டோம். பேரைப் போடாமல் எழுதச் சொன்னாள்.

அவளுக்கு இருந்தது பேயும் இல்லை, மனநோயும் இல்லை. வலிப்பு. மூளையில் மின்சாரம் கொஞ்ச நேரம் தாறுமாறாக ஓடுவதால் வருவது. வீட்டில் ரெண்டு தரம் கோடாங்கிக்காரரிடம் கூட்டிக்கொண்டு போனார்களாம். உடுக்கடித்து, வேப்பிலையால் அடித்து, எலுமிச்சம்பழம் வெட்டி, "நீ யாரு சொல்லு" என்று கேட்டார்களாம். "நான் யாருன்னு சொல்லத் தெரியாம என் பேரையே திரும்பத் திரும்பச் சொன்னேன்" என்றாள். அதன் பிறகுதான் கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். மாசா மாசம் கிளினிக், மருந்துக்குக் காசில்லை, பஸ்ஸுக்குத்தான் காசு. ஆறு வருசமாக வலிப்பு வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு அம்மா எப்படி ஒத்துக்கிட்டாங்க தெரியுமா?" என்று அவளே கேட்டாள். "டீவியில சந்திரமுகி போட்டாங்க. அதுல ரஜினி டொக்டரா வாறாருல்ல. ரஜினியே டொக்டர்கிட்டக் காட்டச் சொல்றாரு, காட்டிப் பாப்போம்னு அம்மா சொன்னாங்க. நீங்க எனக்குப் பேரு வச்சதும் அந்தப் படம்தான், எனக்கு மருந்து வாங்கிக் கொடுத்ததும் அந்தப் படம்தான்."

சந்திரமுகி 2 பார்த்தாயா என்று கேட்டோம். பார்த்திருக்கிறாள். அவளுடைய விமர்சனத்தை அப்படியே தருகிறோம்: "அதுல லக்ஷ்மி மேனன் வீல்செயார்ல இருக்கிற புள்ள. பேய் நேரா அவமேலதான் ஏறுது. அந்த வீட்டுல எத்தன பேரு இருக்காங்க, ஜிம்முக்குப் போற மாதிரி ஆம்பளைங்க இருக்காங்க. பேய்க்கு அவங்க ஒருத்தரும் கண்ணுக்குத் தெரியலயா? எப்பவும் ஏலாத ஆளத்தான் புடிக்குது."

நாங்கள் படித்த எந்த விமர்சனத்திலும் இந்தக் கேள்வி இல்லை. கிராபிக்ஸையும் வடிவேலுவையும் பேசிய எங்களுக்கும் அன்று டீக்கடையில் அது தோன்றவில்லை.

இந்தக் கட்டுரையை முதலில் நினைத்தபடி முடிக்க எங்களால் ஏலாது. முதல் படம்தான் நல்ல படம் என்று இன்னமும் நினைக்கிறோம். ஆனால் காரணம் மாறிவிட்டது. அது முற்போக்கான படம் என்பதால் அல்ல. ஒரு தாய்க்கு ஆஸ்பத்திரிப் படியேறக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது, அதனால். ரெண்டாவது படத்திலிருந்து ஒரு தாய் எடுத்துக்கொண்டு போக அப்படி என்ன இருக்கிறது என்று தேடினோம். எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரியம்மா சொன்னதையும் தள்ளிவிட ஏலாது. பேயைப் பேயென்றே விட்டால்தான் பிள்ளை தப்பும் என்று ஒருத்தர் நினைக்கிறார் என்றால், நோய் என்று சொன்னவர்களை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பதுதான் அதற்குக் காரணம்.

ஒரு விசயம் மட்டும் சொல்லிவிடுகிறோம், அவள் கேட்டுக்கொண்டபடி. யாருக்காவது வலிப்பு வந்தால் சாவிக்கொத்துத் தேட வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், பிடித்து அமுக்கவும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் மேசை, நாற்காலியை நகர்த்திவிட்டு, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நேரத்தைப் பாருங்கள். அஞ்சு நிமிசத்தைத் தாண்டினால் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எழும்பியதும் பக்கத்தில் இருங்கள்.

பெரியம்மாவிடம் அவள் சொன்ன வீல்செயார்க் கேள்வியைக் கொண்டுபோய்ச் சொன்னோம். வெத்திலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "அந்தப் புள்ளைய ஒருநாள் கூட்டிட்டு வாங்க, சோறு போடுறேன்" என்றார். அடுத்த போயாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். படம் எதுவும் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.